நானா

செவ்வாய்க்கிழமை. பார்ம்பெக்.
வாளியின் காதில் ஒட்டியிருந்தது
டெட்யென்ஸ் அம்மாவின் துண்டுச்சீட்டு:
வாசல் பலகையில் கறை. சாராயமா?
வாடகைக் குழுவைக் கேட்கவும்.

வாடகைக் குழு என்றால் கானாக்காரர்.
ஞாயிறு இரண்டு மணிக்குமேல் கோவில் அவர்களுக்கு,
கிழமை நாட்களில் எனக்கும்
என் துடைப்பத்துக்கும்.

குனிந்து மணந்தேன். கோர்ன்.
ஆல்டியில் ஆறு யூரோவுக்கு வரும் போத்தல்.

எபோ குவான்சாவுக்கு ஊற்றியது.
துறைமுகத்தில் பெட்டி ஏற்றியவன்,
வெள்ளியன்று ஓல்ஸ்டோர்ஃபில் புதைத்தார்கள்.
பாஸ்டர் பார்க்காத நேரம்
அவன் மாமன் போத்தலைச் சரித்து
மூன்று தரம் நிலத்துக்குக் கொடுத்தாராம்.
"நானா யேசு, முதலில் நீர் குடியும்.
பிறகு எங்கள் ஆட்களுக்கு."

சட்டிகளை எடுக்க வந்த மென்சிமா சொன்னபோது
எனக்குச் சிரிப்பு வந்தது.
என் மொழியில் அது கேள்வி:
நானா, யேசுவே?
கடைசிப் பந்தியில் பன்னிரண்டு பேரும்
தட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டது.
மன்னாரில், பக்கத்து வீட்டில், அது அண்ணன்.
கேட்டுப் பழகித் தம்பியும் என்னை
அப்படித்தான் கூப்பிட்டான்.
அவள் மொழியில் மூத்தோர், அரசர்,
மண்ணுக்குள் போன பின்னும்
சோற்றில் பங்குள்ளவர்.

"அதில்தான் சண்டை," என்றாள், அடிப்பிடித்ததைச் சுரண்டியபடி.
"முன்னோர் ஆக விதி இருக்கு.
கலியாணம் கட்டியிருக்கவேணும். பிள்ளை வேணும்.
நரைத்து, பாயில் படுத்துச் சாகவேணும்.
யேசுவிடம் இதில் எது இருக்கு?
முப்பத்துமூன்று வயது. வாரிசு இல்லை.
மரத்தில் தொங்கிய சாவு, எங்கள் ஊரில்
அந்தப் பெயரையே பிள்ளைக்கு வைக்கமாட்டோம்.
அவர் தேவன், செத்தவரோடு சேர்க்காதே என்று
பாஸ்டர் கத்தினார்.
மாமா சொன்னார்,
விதியில் தோற்றவரைத்தானே
வரிசையின் தலையில் நிறுத்தியிருக்கு.
இனி அந்த வழியால் எவனும் உள்ளே போகலாம்.
எபோவும் போகலாம். அவனுக்கும் பிள்ளை இல்லை."

சட்டி இன்னும் கருப்புத்தான். அவள் விடவில்லை.

தம்பிக்கு இருபத்திரண்டு.
கலியாணம் இல்லை, பாய் இல்லை,
உடம்பும் இல்லை.
ஆத்துமாக்கள் திருநாளில் அவன் பெயரை வாசிக்க
அம்மா விடமாட்டா.
வாசித்தால் செத்தவன் ஆகிவிடுவானாம்.
ஜெர்மன் மொழியில் சொன்னேன்,
அதில் எனக்கு அழுகை வருவதில்லை.

மென்சிமா கை துடைத்தாள்.
அலுமாரிக்குப் பின்னாலிருந்து போத்தலை எடுத்தாள்.
இரண்டு விரல் மிச்சம்.
"பெயர் சொல்லித்தான் ஊற்றவேணும்.
சொல்லாவிட்டால் வரமாட்டார்கள்."
நீட்டினாள்.

வாளித் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.
வாயில் தமிழ்தான் வந்தது.
"நானா?"

அவள் கண்ணை மூடித் தலை குனிந்தாள்,
நான் தொடங்கிவிட்டேன் என்று நினைத்து.