ஏழு கிலோ இருநூறு

தராசில் வைத்தால் தொள்ளாயிரம் கிராம்.
கூரியர் கடைப் பையன் டேப்பை எடுத்தான்.
"எடையை யாருக்கா கேட்டா? அடைக்கிற இடத்துக்குத்தான் காசு."
அறுபது, நாற்பது, பதினைந்து.
பெருக்கினான், ஐயாயிரத்தால் வகுத்தான்.
ஏழு கிலோ இருநூறு என்றது கால்குலேட்டர்.
மிச்சம் ஆறு கிலோ முன்னூறும் கம்பத்துக் காற்று.
இலவம்பஞ்சுக்குள்
நானே உதறி உதறி ஏற்றிய காற்று.
அதை ராஞ்சிக்குக் கொண்டுபோக நானூற்று எழுபது ரூபாய்.
தலையணை விலை முன்னூற்று அறுபது.

கடை முகப்பில் பச்சை எழுத்தில்
'டெலிவரி இலவசம்' என்று போட்டவளும் நான்தான்.
இலவசத்தில் ஒரே ஒரு ச-வை எடுத்தால்
இலவம் என்று
அன்றைக்கு ராத்திரி இரண்டு மணிக்குத்தான் கண்ணில் பட்டது.
காத்த கிளியும் இங்கேதான் உட்கார்ந்திருந்தது,
கையில் போனோடு.

தபால் ஆபீசில் கேட்டேன்.
இருப்பதிலேயே குறைந்த காசு அங்கேதான்.
கவுண்டர் ஜன்னலுக்குள் தலையணை நுழையவில்லை.
பின்வாசலுக்கு வரச் சொன்னார்கள்,
பின்வாசல் சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார்.

இன்னொரு கம்பெனி, மாதம் ஐம்பது பார்சல் என்றால்
பாதி விலை என்றது.
எனக்கு மாதம் பதினொன்று.
அதிலும் ஒன்று லக்னோ வரை போய்
'ஆள் இல்லை' என்று
வாசல் மிதிக்காமல் திரும்பி வந்தது.
போன கூலியும் என்னுடையது, வந்த கூலியும் என்னுடையது.

பிறகுதான் அமுக்கக் கற்றோம்.
தடித்த பிளாஸ்டிக் பை,
பக்கத்து மாடியில் இரவல் வாங்கிய வாக்குவம் மெஷின்,
மேலே முழங்காலிட்டு என் வீட்டுக்காரர் அபுதாகிர்.
ஏழு கிலோ இரண்டு கிலோ ஆனது.
உள்ளே ஒரு சீட்டு வைத்தேன்:
'தட்டையாக வந்திருக்கிறேன், பயப்பட வேண்டாம்.
இரண்டு மணி நேரம் வெயிலில் போடவும்.
எழுந்துவிடுவேன்.'

அப்புறம் குமுளியில் இருந்து ஓர் ஆர்டர்.
ஷைனி குரியாக்கோஸ், கோட்டயம் சாலை.
என் மாடியில் நின்றால் அந்த மலை தெரியும்.
மழை அங்கே பெய்தால் இங்கே துணியை எடுப்போம்.
பார்சல் போகும் வழியைக் கேட்டேன்:
கம்பம், மதுரை, கோவை, கொச்சி, கோட்டயம், குமுளி.
ஆறு நாள். வேறு மாநிலக் கட்டணம்.

ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றும் ஜீப்
விடியுமுன் எங்கள் தெருமுனையில் ஹாரன் அடிக்கும்.
பதினான்கு பேர் மேல் பதினைந்தாவதாக ஏறுகிற
ஒச்சம்மாளிடம் கொடுத்தேன்.
"செக்போஸ்ட் தாண்டி பேக்கரியில குடுத்துரட்டுமா?"
"குடுத்துரு."
"எம்புட்டு தருவ?"
"எவ்வளவு வேணும்?"
யோசித்தாள்.
"மடியில வச்சுக்கிட்டுப் போறேன். அது போதும்."
அமுக்கவில்லை அதை.
இருபத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு எதற்கு?

மறுநாள் சாயங்காலம் போன் மினுங்கியது.
மூன்று நட்சத்திரம்.
'சீக்கிரம் வந்தது. நல்ல பஞ்சு.
ஆனால் நடுவில் ஒரு குழி இருக்கிறது,
ஏற்கெனவே யாரோ படுத்துத் தூங்கியதைப்போல.'

மூன்று மணிக்கு எழுந்து உலை வைத்து
தூக்குவாளி கட்டிக் கிளம்புகிறவள்.
லோயர் கேம்ப் தாண்டினால் கொண்டை ஊசி வளைவுகள்.
எந்த வளைவில் தலை சாய்ந்ததோ.

மன்னிப்புக் கேட்டு எழுதினேன், அழித்தேன்.
வழக்கமான வரியையே அனுப்பினேன்:
வெயிலில் போடுங்கள், எழுந்துவிடும்.

கணக்கு நோட்டில்
டெலிவரிச் செலவு என்ற கட்டத்தில்
பூஜ்யம் போட்டேன்.
உள்ளே கொஞ்சம் இடம் விட்டு,
பெரிதாக.