கேர் ஆஃப், சப்பாத்துக் கடை

தவமலர் ஆறு சோடி போட்டுப் பார்த்தாள்.
ஆறையும் நான்தான் இறக்கினேன்,
மேல்தட்டிலிருந்து, ஏணி வைத்து.
கறுப்பு, வார் வைத்தது, குதி தணிந்தது.
முன்பள்ளியில் டீச்சராகச் சேர்கிறாளாம்,
வருகிற திங்கள் இல்லை, அடுத்த திங்கள்.

ஐந்தாவது சோடியைக் கவிழ்த்துப் பிடித்து
அடியில் ஒட்டியிருந்த நம்பரைப்
போனில் படம் எடுத்தாள்.
நான் பார்க்காத மாதிரி
மழையைப் பார்த்தேன்.
ஹட்டனில் அதற்கு எப்போதும் வசதி உண்டு.

"வலது கால் கொஞ்சம் பெரிசு தங்கச்சி,
முப்பத்தெட்டா எடுங்க,
இடதுக்கு உள்ள மெத்தை வச்சுத் தர்றேன்" என்றேன்.
"யோசிச்சிட்டு வர்றேன் அக்கா."

யோசிக்கிறவர்கள் எங்கே போகிறார்கள் என்பது
இந்த ஒரு வருடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.
படியிறங்கி, பேக்கரி ஓரம் ஒதுங்கி,
கட்டைவிரலால் கொழும்புக்குப் போகிறார்கள்.
அங்கே எண்ணூறு ரூபாய் குறைவு.

முதலாளி மகேந்திரராஜா சொல்வார்:
"சப்பாத்து என்ன சுவர்க் கடிகாரமா, படம் பார்த்து வாங்க?
கால் வந்துதானே ஆகணும்?"
சொல்லிவிட்டு
கல்லாவுக்குக் கீழே போனை மறைத்துவைத்து
அவரும் விலை பார்ப்பார்.

நாலாம் நாள் கூரியர் பொடியன் டினுஷன்
ஹெல்மெட்டில் நீர் சொட்ட வந்து நின்றான்.
"தவமலர். கேர் ஆஃப் உங்க கடை."

அவளுடைய முகவரியைப் போன் ஏற்கவில்லையாம்.
வீட்டு இலக்கம் கேட்டிருக்கிறது.
லயத்துக்கு நம்பர் உண்டு, காம்பராவுக்கு இல்லை.
தெருப் பெயர் கேட்டிருக்கிறது.
அது பத்தாம் நம்பர் மலையைச் சுற்றும் குறுக்குப் பாதை,
பெரிய மழைக்கு இடம் மாறிவிடும்.
அட்டை இருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறது.
எங்கள் பக்கம் அட்டைக்கா பஞ்சம்,
கணுக்காலில் பிடித்தால் முழங்கால் வரை ஏறும்.
ஆனால் அது கேட்டது வேறு அட்டை.
கடைசியில்
பொருள் வந்ததும் காசு என்று அழுத்தி,
தனக்குத் தெரிந்ததில் தபால் தவறாத
ஒரே இடத்தை எழுதியிருக்கிறாள்.
பஸ் நிலையத்துக்கு எதிரே, நாங்கள்.

என் கைப்பையிலிருந்து காசு எண்ணிக் கொடுத்தேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
பெட்டியை எங்கள் பெட்டிகளுக்கு நடுவில் செருகினேன்.
அதே சப்பாத்து, அதே கறுப்பு,
பக்கத்துப் பெட்டியில்
எண்ணூறு ரூபாய் கூடுதலாக,
மூச்சுக் காட்டாமல் இருந்தது.

மாலையில் வந்தாள்.
முதலில் என் காசைத் தந்தாள்.
பிறகு எங்கள் முக்காலியில் உட்கார்ந்து,
எங்கள் கொம்பை வைத்துக் குதியை நுழைத்து,
எங்கள் கண்ணாடி முன்னால் நடந்தாள்.
இடது கால் ஒன்றும் சொல்லவில்லை.
வலது காலின் சுண்டுவிரல்
நான் சொன்னதையே சொன்னது.
முதலாளி தேத்தண்ணிக்குப் போயிருந்தார், நல்ல வேளை.

திருப்பி அனுப்பலாம். காரணம் கேட்டது போன்.
அளவு சிறியது. அளவு பெரியது.
நிறம் வேறு. பழுது. மனம் மாறிவிட்டது.
ஒரு காலுக்குச் சரி, மற்றதற்கு இல்லை என்று
வரியே இல்லை.
அவள் ஏனோ கடைசி வரியை அழுத்தினாள்.
"பொய்தான் அக்கா. மனசு அப்படியேதான் இருக்கு."

பிறகு, என் முகத்தைப் பார்க்காமல்,
"முப்பத்தெட்டு இருக்கா?"

இருந்தது. முந்தாநாள் வரை.
கடைசிச் சோடியை நோர்வூட்டிலிருந்து வந்த ஒருத்தி
பேரம் கூடப் பேசாமல் வாங்கிப் போனாள்.
அடுத்தது வரப் பத்து நாளாகும்,
சரக்கு லொறியை முதலாளி
பாதியாகக் குறைத்துவிட்டார்.
போனில் மூன்று நாள்.

இருவரும் போனைப் பார்த்தோம்.
அவள் பிடித்துக்கொள்ள
நான் முப்பத்தெட்டைத் தொட்டேன்.
முகவரி கேட்டது.
அவளிடம் கேட்காமலே
கடைப் பெயரை எழுதினேன், எழுத்துப் பிழை இல்லாமல்.

அவளுடைய பஸ் ஹாரன் அடித்தது.
பழைய செருப்போடு சேற்றைத் தாண்டி ஓடினாள்.

முதலாளி குடையை உதறியபடி உள்ளே வந்தார்.
"என்ன, யாவாரம் நடந்துச்சா?"

நடந்துச்சு, என்றேன்.