முதல் என்ற சொல்

ஊபியில் வேன் வாங்கிய அன்று மழை.
விற்பனையாளர் டெரன்ஸ் குடை பிடித்தார்.
பேனாவும் அவருடையதே.
"கடனையும் நாங்களே பாத்துக்குறோம் மேடம்,
நீங்க பேங்க் பேங்கா அலைய வேணாம்."
இருக்கை உறை இலவசம்.
பின்கதவில் என் மாவுக்கடைப் பெயரை
ஒட்டித் தருவதும் இலவசம்.
மூன்று புள்ளி இரண்டு எட்டு
என்று சொன்னபோது மட்டும்
மழைச் சத்தம் கொஞ்சம் கூடியது.
அல்லது நான்தான்
ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தேன்.

நாற்பத்தெட்டாயிரம் வெள்ளி.
எண்பத்து நான்கு மாதம்.
மாதம் எழுநூற்று இரண்டு வெள்ளி
அறுபத்து மூன்று காசு.
அந்த அறுபத்து மூன்று காசை
எவர் உட்கார்ந்து கணக்கிட்டார் என்று
தேக்காவுக்கும் ஈசூனுக்கும் நடுவே
பல சிவப்பு விளக்குகளில் யோசித்திருக்கிறேன்.

பதினோரு மாதம் தவறவில்லை.
விடிவெள்ளி இருக்கும்போதே எழுந்து
வாளிகளை ஏற்றி
உட்லண்ட்ஸ், ஈசூன், செங்காங் என்று இறக்கி
கட்டினேன்.
ஒரு செவ்வாய் இரவு
இன்றே முடித்தால் எவ்வளவு
என்று எழுதிக் கேட்டேன்.

பதில் வந்தது.
நான் கொடுத்தது ஏழாயிரத்து எழுநூற்றுச் சொச்சம்.
கடனில் குறைந்தது மூவாயிரத்து முந்நூற்றுச் சொச்சம்.
மீதியில் அபராதமும் குந்தியிருந்தது,
ஆயிரத்து அறுநூறுக்குமேல்,
அவசரப்பட்டு நல்லவளாக நினைத்ததற்கு.

வட்டி முன்சீட்டில் ஏறிக்கொள்கிறது.
முதல், பின்னால் வாளிகளோடு
கதவைப் பிடித்தபடி வருகிறது.
அதற்கு முதல் என்று பெயர் வைத்தவர்
எந்த வரிசையில் நின்று பார்த்தாரோ.

டெரன்ஸைத் தேடிப் போனேன், சண்டைக்குத்தான்.
வேலையை விட்டுவிட்டாராம்.
அந்த மேசையில் வேறு இளைஞர்,
வேறு குடை.

தோ பாயோ கிளையில் ஹஸ்லிண்டா
கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி வைத்தார்.
ஒன்று புள்ளி ஒன்பது எட்டு.
எழுபத்திரண்டு மாதம்.
அபராதமெல்லாம் போக மிஞ்சுவது
ஆயிரத்து முந்நூற்று அறுபத்தொன்பது.
இரண்டு வருடம் கழித்து வந்திருந்தால்
இதுகூட இருந்திருக்காது என்றார்.
மாதத் தவணையில் குறைவது ஒன்பது வெள்ளி.
தள்ளுபடி நாளில் இரண்டு கிலோ உளுந்து.
நான் ஏதோ பெரிதாக
எதிர்பார்த்து வந்திருந்தேன் போல.

"ஜாமீன் கையெழுத்து மறுபடியும் வேண்டும்."

அபராதம் தேவலாம் போலிருந்தது.
கொழுந்தன் ஜெயசீலனோடு பேசி எட்டு மாதம்.
அவர் அண்ணனும் நானும் பிரிந்தபோது
நீ யார் பக்கம் என்று கேட்டுவிட்டேன்.
கேட்டிருக்கக் கூடாது.
நான்கு முறை எழுதி அழித்து
கடைசியில் அனுப்பியது:
வேன் கடன். மாற்றுகிறேன். கையெழுத்து வேண்டும்.

மதிய இடைவேளையில் வந்தார்,
பேருந்து ஓட்டும் சீருடையோடு.
படிக்காமலே போடப்போனவர் நிறுத்தி
"வட்டி எவ்வளவு?" என்றார்.
சொன்னேன்.
"முன்னாடி?"
அதையும் சொன்னேன்.
கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி,
"முதல்லயே என்னைக் கேட்டிருக்கலாமே அண்ணி."

ஹஸ்லிண்டா நகலெடுக்கப் போனார்.
நாங்கள் இருவரும்
சுவரிலிருந்த வீட்டுக்கடன் விளம்பரத்தை
மிகக் கவனமாகப் படித்தோம்.

மறுநாள் காலை எட்டரைக்கு
காலி வாளிகளோடு திரும்புகையில்
விரைவுச்சாலையின் இஆர்பி வளைவுக்குக் கீழே
பீப் என்றது.
இரண்டு வெள்ளி.

மீதி ஏழு.