பதினேழாம் எண்

பதினைந்துக்கு அடுத்த வீடு பத்தொன்பது.
ஒன்பது வருஷமாய் இங்கே எரிவாயு மீட்டர் படிக்கிறேன்,
இன்றைக்குத்தான் உறைத்தது.

மெல்போர்னின் வடக்கு ஓரம்.
எட்னா தெரு, வினிஃப்ரெட் தெரு, மாபெல் தெரு:
நிலத்தைக் கூறுபோட்டு விற்றவனுக்கு மூன்று பெண்கள்.
ஒரு பையனும் உண்டாம். அவன் பெயரில் ஒரு சந்து,
குப்பைத் தொட்டிகள் குடியிருக்கின்றன.

மாபெல் மட்டும் நேரே போகாமல்
நடுவில் இடுப்பை ஒடிக்கிறாள்.
மதிய உணவு நேரத்தில் நூலகத்துக்குப் போய்ப் பார்த்தேன்.
1928 வரைபடத்தில்
நீல மசியில் ஓர் ஓடை.
அடுத்த வரைபடத்தில் மசி தீர்ந்துவிட்டது.

கார் கழுவிக்கொண்டிருந்த ஸ்வோன்கோ
குழாயை மூடாமலே சொன்னார்:
"பதினேழு இருக்கிறதே. கீழே."
புல்லுக்குள் கிடந்த இரும்பு மூடியைச்
செருப்புக் காலால் தட்டினார்.
இரண்டு தடவை வீடு கட்டினார்களாம்.
இரண்டு தடவையும்
சமையலறைதான் முதலில் இறங்கியதாம்.

மண்டியிட்டுக் காதை வைத்தேன்.
எதிர்வீட்டுத் திரை அசைந்தது.
முதலில் கேட்டது என் ரத்தம்.
பிறகு, எங்கோ ஒரு லாரி.
அதன் பிறகு
அவசரமே இல்லாமல்
யாரோ பாத்திரம் கழுவும் சத்தம்.

ஸ்வோன்கோவின் சோப்புத் தண்ணீர்
யாரும் வழி சொல்லாமல்
வளைவைப் பார்த்து இறங்கிக்கொண்டிருந்தது.

எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டி,
குறிப்பேட்டில் பதினேழு என்று எழுதினேன்.
எதிரே, வழக்கமாய் எழுதுவதையே எழுதினேன்:
உள்ளே ஆள் இருக்கிறார்கள்,
கதவைத் திறக்கவில்லை.