முடிவு நாள்: இல்லை

அக்டோபரின் கடைசி ஞாயிறு.
பார்னு நகராட்சியின் கீழ்த்தளத்தில்
குளிரூட்டியின் இரைச்சலோடு விழித்திருக்கிறேன்.
நான்கு அடிக்கும் நேரத்தில்
எஸ்தோனியா முழுக்க மறுபடியும் மூன்று மணி.
ஊர் தூங்கியபடியே இதைக் கடந்துவிடும்.
காலண்டர் சர்வருக்குத்தான் வயிற்றைக் கலக்கும்.

போன வருடம், மூன்றேகாலுக்கு ஓட வேண்டிய வேலை
இரண்டு தரம் ஓடியது.
திங்கள் காலை எழுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும்
நினைவூட்டல்கள் இரட்டை இரட்டையாய்.
குப்பை லாரிகள் இரண்டு
ஒரே சந்துக்குள் எதிரெதிரே வந்து நின்றன.

இந்த வருடம் அதை ஐந்து மணிக்குத் தள்ளியாயிற்று.
பேக்கப் எடுத்தாயிற்று, திறந்தும் பார்த்தாயிற்று
(திறந்து பார்க்காத பேக்கப் வெறும் நம்பிக்கை).
சான்றிதழுக்கு இன்னும் பத்தொன்பது நாள் ஆயுள்.
வட்டில் எண்பத்தோரு சதவீதம் நிறைந்துவிட்டது,
பாதி, யாரோ அழைப்புகளோடு இணைத்த நாய்க்குட்டிப் படங்கள்.

இனாமாய்க் கிடைத்த
இரண்டாவது மூன்று மணியில்
இறந்தவர் கணக்குகளை மூட உட்கார்ந்தேன்.

பட்டியலில் ஒரே பெயர்.
ஹெல்தூர் பிஹ்லாக், குடிநீர்ப் பிரிவு.
மார்ச்சில் போய்ச் சேர்ந்தார்.
விதிப்படி தொண்ணூறு நாள். நான்தான் இழுத்தடித்தேன்.
அவர் பெயரில் இன்னும் நடமாடுவது ஒன்றே ஒன்று:
வியாழன்தோறும், நான்கிலிருந்து ஐந்து.
இடம்: மூன்றாம் மாடிச் சிற்றறை.
தலைப்பு: ஒரு முற்றுப்புள்ளி மட்டும்.
அழைக்கப்பட்டவர்: ராய்லி, கணக்குப் பிரிவு.
பதில்: ஏற்றார்.
முடிவு நாள்: இல்லை.

இந்த்ரெக் மூன்று முறை புகார் எழுதியிருந்தான்:
"வியாழக்கிழமை அறையை யார்தான் குத்தகைக்கு எடுத்தது?
எட்டிப் பார்த்தால் நாற்காலிகள்தான் கூடிப் பேசுகின்றன."

'நீக்கு' என்பதை அழுத்தினேன்.
சர்வர் அதன் வழக்கமான பணிவோடு கேட்டது:
பங்கேற்பாளருக்கு அறிவிக்கவா?

அறிவித்தால்
விடியலில் ராய்லியின் கைபேசிக்கு
ஹெல்தூரிடமிருந்து அஞ்சல் போகும்:
"இந்தச் சந்திப்பை ரத்து செய்துவிட்டேன்."
அறிவிக்காவிட்டால்
சொந்தக்காரர் இல்லாத ஒரு வியாழன்
அவள் நாட்காட்டியில் நின்றுகொண்டே இருக்கும்.

சுட்டியிலிருந்து கையை எடுத்தேன்.
நானும் மனுஷிதானே, என்னென்னவோ நினைத்தேன்.
ஒரு முற்றுப்புள்ளி, ஒரு மேசை, மூடிய கதவு.

திங்கட்கிழமை நேரில் கேட்டபோது
ராய்லி சிரித்துவிட்டாள்.
"அந்த அறைக்குள் நான் காலே வைத்ததில்லை.
மகளுக்கு அப்போது நான்கு வயது.
பாலர் பள்ளியை ஐந்துக்குப் பூட்டிவிடுவார்கள்.
எங்கள் தலைவர் வியாழன் பார்த்து
நாலே முக்காலுக்குத்தான் கூட்டம் போடுவார்.
ஹெல்தூர் மின்தூக்கியில் என் முகத்தைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் அழைப்பு வந்தது.
குடிநீர் என்றால் யாரும் குறுக்கே வரமாட்டார்களே."

"மகள் இப்போது?"
"தார்துவில். பல் மருத்துவம், இரண்டாம் ஆண்டு."
"அப்படியானால்..."
பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.
"பழகிவிட்டது. ஆற்றோரம் நடப்பேன்.
மழையென்றால் காரிலேயே உட்கார்ந்திருப்பேன்."

விதிப் புத்தகத்தில் இதற்குப் பத்தி இல்லை.
ஹெல்தூரின் கணக்கை மூடினேன், அறிவிப்பில்லாமல்.
கைபேசியில் மிஞ்சும் புள்ளியை
தானே பார்த்துக்கொள்வதாக ராய்லி சொன்னாள்.
அறையை இந்த்ரெக்குக்குக் கொடுத்தேன்.
அறை வேறு, நேரம் வேறு என்று
இத்தனை வருட வேலையில்
பிரித்துப் பார்த்ததே இல்லை.

பிறகு புதிதாக ஒன்று பதிந்தேன்.
வியாழன், நான்கிலிருந்து ஐந்து.
இடம்: காலி.
அழைப்பவர்: நிர்வாகி.
தலைப்புக்குச் சற்று யோசித்து
'பராமரிப்பு' என்று எழுதினேன்.
அதற்கும் யாரும் குறுக்கே வருவதில்லை.

மாலைக்குள் பதில்: ஏற்றார்.
கூடவே சர்வரின் எச்சரிக்கை ஒன்று:
சான்றிதழ், இன்னும் பதினெட்டு நாள்.