தலையெழுத்து

மர்சூக் காக்கா கிண்ணியாவிலிருந்து
ஒரு பென்ட்ரைவை
வெற்றிலைச் சரை மாதிரிக் கடதாசியில் மடித்துக் கொண்டுவந்தார்.
உள்ளே ஒரேயொரு கோப்பு.
தோஹாவில் இருக்கிற மருமகன்
பழைய விளையாட்டுகள் ஆடிப்பார்க்க
ஒரு முழு ஹார்ட் டிஸ்க்கையே படியெடுத்து
எமுலேட்டருக்குள் வைத்திருந்தானாம்.
எமுலேட்டர் வழக்கொழிந்துபோனது.
புள்ளிக்குப் பின்னால் மூன்றெழுத்து மிச்சம்,
எந்த மென்பொருளும் ஏறெடுத்துப் பார்க்காத மூன்றெழுத்து.

"இதுக்குள்ள எங்கட ஐஸ் கொம்பனி இருக்கு, தங்கச்சி."

ஏகாம்பரம் வீதி, மேல்மாடி.
கீழே கடை வாசலில் ஒரு மான்
மொனிட்டர் வந்த அட்டைப்பெட்டியை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.

முதலில் தோலை உரித்தேன்.
வெற்றிடங்களைச் சேமிக்காமல் சுருட்டியிருந்ததை
வெற்றிடத்தோடே விரித்தேன்.
நாலு கோடியே இருபத்தைந்து லட்சத்துப்
பத்தொன்பதாயிரத்து நாற்பது பைட்.
கணக்குச் சரி. ஆனால் திறக்கவில்லை.

தொள்ளாயிரத்து எழுபத்தேழு சிலிண்டர்,
ஐந்து தலை, பதினேழு செக்டர் என்று
டிஸ்க்கின் சாதகத்தை நான் வாசிக்க,
"அஞ்சு தலையா?
கோணமலையில வெட்டு வெட்டினவருக்குப் பாதிதான்" என்றார் காக்கா.
சிரித்தோம்.
பிளேன்டீ ஆறிப்போனது.

பார்ட்டிஷன் தொடக்கத்திலேயே தொடங்குவதில்லை.
எட்டாயிரத்து எழுநூற்று நாலு பைட் தாண்ட வேண்டும்.
நிலாவெளியில் முழங்கால் தண்ணீரில்
நெடுநேரம் நடந்த பிறகுதான்
கடல் கடலாகிறது, அதுபோல.

திறந்தது.
மட்கோ ஐஸ் கொம்பனி, கடன்காரருக்கு ஆளுக்கொரு கோப்பு.
பெர்னாட். சின்னமணி. ரபாய்தீன்.
ஒவ்வொரு பெயரிலும் விரலை வைத்தார், எடுத்தார்.
பிறகு மிக மெதுவாக,
"அழிச்சதும் காட்டுமா?"

காட்டும்.
அந்தக் காலத்து டிஸ்க் எதையும் அழிப்பதில்லை.
பெயரின் முதலெழுத்தைக் கிள்ளிவிட்டு
இடம் காலி என்று சொல்லிக்கொள்ளும்.
போனது தலையெழுத்து மட்டும்,
உடம்பு கிடக்கும்,
இன்னொருவர் வந்து மேலே எழுதும்வரை.

ஒரு கேள்விக்குறி, அதன் பின்னால் லீமா.
மீட்க வேண்டுமென்றால்
முதலெழுத்தை நீ சொல் என்றது திரை.
ஹலீமாவா, சலீமாவா, நலீமாவா?
நான் கேட்டேன். அவர் விசிறியைப் பார்த்தார்.
"எதைப் போட்டாலும் திறக்குமா?"
"திறக்கும்."
ஒற்றை விரலால் எக்ஸ் என்று அமத்தினார்.

ஒக்டோபர் மூன்று, ஐஸ் ஆறு கட்டி.
ஒக்டோபர் நாலு, ஐஸ் ஆறு கட்டி, மண்ணெண்ணெய்.
ஒக்டோபர் ஐந்து, ஐஸ் ஆறு கட்டி.
அதற்குப் பிறகு எந்தப் படகும் ஐஸ் ஏற்றவில்லை.
மிச்சம் மட்டும் வரிவரியாக இறங்கி
நவம்பர் ஒன்பதில் நிற்கிறது, தொண்ணூற்றாறு.
ரூபா ஏழாயிரத்து நானூற்றுப் பதினாறு, சதம் ஐம்பது.

"காலம்பற அவட வீட்டுக்கு ஆள் அனுப்ப இருந்தாங்க.
பின்னேரமே நான் அழிச்சிட்டன்.
கள்ளக் கணக்கு எழுதாத கை, தங்கச்சி, இது."
கையை மேசையில் விரித்துக் காட்டினார்.
"இவ்வளவுதானா...
நான் லட்சத்துக்கு மேல எண்டு நினைச்சிட்டிருந்தன்."

பிறகு, "திரும்ப அழிச்சிடு."

இந்தமுறை முதலெழுத்தோடு நிற்கவில்லை.
அந்தக் கட்டங்கள் முழுக்கப் பூச்சியம் போட்டேன்.
மூன்றாம் திகதி, நாலாம் திகதி, சதம் ஐம்பது,
எல்லாம் பூச்சியம்.
காக்கா மூச்சு விட்டார். எண்ணூறு ரூபா வைத்தார்.

நான் அழித்தது
என் மேசையில் விரித்த படியில்.
மருமகன் அனுப்பிய மூலம்
சுருட்டினபடி, உரிக்காத தோலோடு,
அவருடைய சட்டைப்பையில் இருக்கிறது.
சொல்ல வாயெடுத்தேன்.
அவர் பையை ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டு
படியிறங்கிவிட்டார்.
மான் விலகவில்லை, அவர்தான் விலகிப் போனார்.