நகல் ஒன்றுக்குப் பத்து காசு

மழை விட்ட நான்காம் நாள்
மேடம் யாப் கடையைத் திறந்தாள்.
இயந்திரத்தை முன்கூட்டியே
மேல்மாடிக்கு ஏற்றியிருந்தாள், கெட்டிக்காரி.
நகல் ஒன்றுக்குப் பத்து காசு.
எடுத்துக் கொடுப்பவள் நான்.

முதலில் வந்தது தனபாக்கியம் அக்கா.
ரொட்டிப் பையில் சுற்றிய அடையாள அட்டை,
புருஷனின் இறப்புப் பத்திரம்,
பக்கங்கள் ஒட்டிப்போன சொக்சோ புத்தகம்.
கண்ணாடியில் வைத்து மூடியை அழுத்தினேன்.
ஓரத்தில் கசிந்தது
சுங்கை தெராப் ஆற்றுத் தண்ணீர்.

பின்னால் லயமே வந்து நின்றது.
நாற்பத்திரண்டு வீடு.
சன்னாசி மாமா இரவல் சட்டையில்,
மார்பில் போன தேர்தலின் சிரிப்பு
கழுவக் கழுவ வெளுத்துப்போய்.

பாரத்தில் ஆறாவது கட்டம்: வீட்டு முகவரி.
ஏழாவது: விண்ணப்பிப்பவர் பெயரில் மின்சார பில்.

மின்சாரம் தோட்டத்தின் பெயரில்.
தோட்டம் கம்பெனியின் பெயரில்.
கம்பெனி, போன ஆகஸ்டிலிருந்து,
வேறொரு கம்பெனியின் பெயரில்.
வெள்ளம் மட்டும்தான்
அவரவர் பெயர் கேட்டு வீட்டுக்குள் வந்தது.

நாற்பத்திரண்டு பாரத்திலும்
ஒரே முகவரியை எழுதினேன்.
முப்பத்தேழாவது என்னுடையது.
அதற்கு மட்டும் காசு போடவில்லை.

பிறகு ஒய்.பி. வருவதாகச் செய்தி.
அதற்கு முந்தின நாளே
சுண்ணாம்பு வாளியோடு லோரி வந்தது.
ஆறு பங்ளா பையன்கள், ஒரே பகலில்
வாசல் சுவர், உள் சுவர் எல்லாம் வெள்ளை.
இடுப்புக்கு மேலே ஓடிய
பழுப்புக் கோடு போனது.
ஒய்.பி. பதினைந்து நிமிடம் நின்றார்.
அரிசி மூட்டையை ஒருமுறை கொடுத்து,
படம் சரியாக விழாததால்
வாங்கி, மறுமுறை கொடுத்தார்.

அடுத்த வாரம் அளவுநாடாவோடு என்சிக் ஷாஃபிக்.
நல்ல மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைந்தார்.
"தண்ணீர் எதுவரை ஏறியது?
அடையாளம் எங்கே?"
பூங்காவனமும் மகனும்
அலமாரியை இழுத்து நகர்த்தினார்கள்.
சுண்ணாம்புக்காரர்கள் கை எட்டாத அந்த ஒரு முழத்தில்
அப்படியே இருந்தது கோடு,
ஒரு நத்தையும் காய்ந்து.
அவர் வெகுநேரம் பார்த்தார்.
"அலமாரிக்குப் பின்னால் என்று எழுத
இதில் இடமில்லையே, அக்கா."

பதில் மாசியில் வந்தது.
ஒரு முகவரிக்கு ஓர் உதவி.
வரிசையில் முன்னால் நின்றதால்
தனபாக்கியம் அக்காவுக்கு ஆயிரம் வெள்ளி.
மற்ற நாற்பத்தொன்றும் இரட்டைப் பதிவு.

அக்கா அந்தப் பணத்தை
ஓர் இரவு மட்டும் வைத்திருந்தாள்.
தூங்கினாளா, தெரியாது.
மறுநாள் மாரியம்மன் கோயில் முன்னே
தார்ப்பாய் விரித்து
சன்னாசி மாமாவின் கைப்பேசியில் வகுத்தார்கள்.
வீட்டுக்கு இருபத்து மூன்று வெள்ளி எண்பது காசு.
சில்லறை மாற்ற பூங்காவனம்
மூன்று கடை ஏறி இறங்கினாள்.
எனக்கு வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.

மிச்சம் நாற்பது காசு.

அதை எடுத்துக்கொண்டு அக்கா கடைக்கு வந்தாள்.
"மனு எழுதிட்டியா?
நாலு நகல் எடு.
மாவட்ட ஆபீசுக்கு ஒண்ணு, சமூக நலனுக்கு ஒண்ணு,
ஒய்.பி.க்கு ஒண்ணு.
நம்ம கையில ஒண்ணு இருக்கட்டும்."

பச்சை வெளிச்சம் நான்கு முறை
தாளுக்கு அடியில் போய்த் திரும்பியது.
மேடம் யாப் கணக்குப் புத்தகத்திலிருந்து நிமிரவில்லை.
நாற்பது காசையும் வாங்கி
மைலோ டின்னில் போட்டேன்.

முகவரி எழுதிய வரி
நான்கிலும்
தெளிவாக விழுந்திருந்தது.